ஒட்டுப்பாலும் ஒட்டிய சங்கிலியும்

கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் இறப்பர் வெட்டுகிறவர்கள் சுபஹு கழிந்து வெளிச்சம் வந்ததுமே மலைக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறுமுன் பால் வடிய வேண்டும். ஸ்டோருக்குப் போய்ச் சேரும்வரை அது உறையவும் கூடாது. சிரட்டையிலேயே உறைந்தால் ஒட்டுப்பால்தான். பாலுக்குள்ள விலை அதற்குக் கிடையாது. ஏன் உறைகிறது என்று விசாரித்துக்கொண்டு போனால், இன்றைய ஆய்வுகூடங்களின் 'உணரும் பூச்சு' வரை போய்விடலாம்.

பாலில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் இறப்பர். அது நுண்ணிய துணிக்கைகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துணிக்கையையும் புரதமும் கொழுப்பும் மெல்லிய உறையாகப் போர்த்தியிருக்கின்றன. உறையில் மறையேற்றம் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே நிற்கும். நேரம் போகப் போக பற்றீரியா அமிலத்தை உண்டாக்கும், ஏற்றம் தணியும், தள்ளல் நின்று பால் திரளும். ஸ்டோரில் போமிக் அமிலம் ஊற்றுவது இதையே வேண்டுமென்று செய்வது. வாளியில் கொஞ்சம் அமோனியா விடுவது இதைத் தள்ளிப்போட.

மரம் தந்த இந்த உறையைப் போல, சூழலுக்கேற்ப நடப்பை மாற்றும் ஒன்றை நாமே வடிவமைத்தால்? பல்பகுதியச் சங்கிலியின் ஒரு முனையை மட்டும் கண்ணாடியிலோ பிளாஸ்டிக்கிலோ ஒட்டுகிறார்கள். மற்ற முனை தூரிகை மயிர்போல் வெளியே நிற்கும். செய்துவைத்த சங்கிலியைக் கொண்டுவந்து ஒட்டலாம்; ஆனால் முந்தி வந்தவை இடத்தைப் பிடித்துக்கொள்ள, பிந்தி வருபவற்றுக்கு வழியிராது. பூச்சு ஐதாகிவிடும். மேற்பரப்பிலேயே தொடக்கிகளை ஊன்றி அங்கிருந்தே சங்கிலியை வளர்த்தால் அடர்த்தி கிடைக்கும். ஐதாக இருந்தால் சங்கிலி சுருண்டு கிடக்கும், நெருக்கினால் நிமிரும். (இறப்பர் நாற்றுமேடையில் கட்டுவதும் ஒட்டு, இதுவும் ஒட்டு. புதுக் கலைச்சொல் சமைக்கத் தேவையில்லை என்பது என் கட்சி.)

எந்தச் சங்கிலி என்பதைப் பொறுத்தே அது எதை உணரும் என்பதும். சில அமிலத்தை உணரும், சில வெப்பத்தை. பொலி-ஐசோபுரோப்பைலக்ரிலமைட் 32 பாகை செல்சியசுக்குக் கீழே நீரை உறிஞ்சி விரியும், மேலே சுருங்கும். டோக்கியோவில் டெருவோ ஒகானோ குழுவினர் இதை வளர்ப்புத் தட்டில் ஒட்டினார்கள். 37 பாகையில் உயிர்க்கலங்கள் தட்டில் பற்றி வளரும். குளிரவிட்டால் கிழியாமல் முழுத்தாளாகக் கழன்று வரும். நோயாளியின் வாய்க்குள்ளிருந்து எடுத்த கலங்களை இப்படித் தாளாக வளர்த்துக் கண்ணின் முன்பரப்பில் வைத்துப் பார்வையை மீட்டதை ஜப்பானிய மருத்துவர்கள் 2004இல் வெளியிட்டார்கள்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனம் இல்லாத சாதாரணப் பூச்சுக்கும் நம் பாலோடு தொடர்புண்டு. மருத்துவக் கையுறையின் உட்புறம் வழுக்கப் பவுடர் போடுவார்கள். அது இறப்பர்ப் புரதத்தைக் காற்றில் பரப்பி ஒவ்வாமை தந்தது. பவுடருக்குப் பதில் பல்பகுதியப் பூச்சு வந்தது. பவுடர் கையுறையை அமெரிக்கா 2017 ஜனவரியில் தடைசெய்தும்விட்டது. அந்தப் புரதங்களில் சில, சிரட்டையில் பாலை உறையவிடாமல் காத்த அதே உறையிலிருந்து வந்தவை.