டைரி ஆஃப் எ விம்பி கிட் வரிசையும் பதின்வயது வாசகரும்

டைரி ஆஃப் எ விம்பி கிட் என்பது அமெரிக்க எழுத்தாளரும் கேலிப்பட ஓவியருமான ஜெஃப் கின்னி எழுதிவரும் நகைச்சுவை நாவல் வரிசை ஆகும். தலைப்பைத் தமிழில் "நோஞ்சான் பையனின் நாட்குறிப்பு" எனலாம். 2004இல் ஃபன்பிரெய்ன் என்ற இணையதளத்தில் தொடராக வந்து, 2007இல் முதல் நூலாக அச்சேறியது. 2024 வரை 19 நூல்கள் வெளிவந்துள்ளன. பெரியவர்கள் தம் பள்ளிப் பருவத்தை நினைத்துச் சிரிக்கட்டும் என்றே கின்னி எழுதத் தொடங்கினார். சிறுவர் நூலாக்கும் யோசனை பதிப்பகத்தாருடையது.

இவ்வடிவம் புதிதன்று. இங்கிலாந்தின் சூ டவுன்சென்ட் எழுதிய அட்ரியன் மோல் என்ற சிறுவனின் நாட்குறிப்பு 1982இலேயே வெளியானது. கின்னி அதனுடன் கோடிட்ட தாளையும், கையெழுத்துப் போன்ற எழுத்துருவையும், பக்கந்தோறும் படங்களையும் சேர்த்தார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் ஆங்கில வழியில் படித்தாலும் வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகள் பலர். அவர்களுக்கு இந்த அமைப்பு பெரிய உதவி. வாக்கியங்கள் சிறியவை, புரியாத சொல்லைப் படம் விளக்கிவிடும். பாடநூலுக்கு வெளியே ஓர் ஆங்கில நூலை முதன்முறையாக முழுதும் படித்து முடித்த பெருமையைப் பல மாணவர் முகத்தில் கண்டிருக்கிறேன். (அதற்கு முன் இரண்டொரு பிரதிகளை மேசைக்கடியிலிருந்து பறிமுதல் செய்தவனும் நானே.)

ஆனால் எளிமை மட்டும் காரணமன்று. கதைசொல்லியான கிரெக் ஹெஃப்லி தன்னலக்காரன், சோம்பேறி. தன்னைப் பெரிய அறிவாளியாக நினைப்பவன். முதல் நூலில் அவனும் நண்பன் ரௌலியும் சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து பத்திரமாக வீட்டில் சேர்க்கும் பொறுப்பில் இருக்கிறார்கள். ஒருநாள் கிரெக், ரௌலியின் மேலங்கியை அணிந்துகொண்டு, குச்சியில் புழுவை வைத்து அந்தப் பிள்ளைகளை விரட்டுகிறான். அங்கியைப் பார்த்தவர் ரௌலி என்று புகார் செய்ய, தண்டனை ரௌலிக்குப் போகிறது. உண்மையைச் சொல்லாமலிருப்பதே சரி என்று கிரெக் தனக்குத்தானே நியாயம் கற்பித்துக்கொள்கிறான்.

எங்கும் ஆசிரியர் குறுக்கிட்டு "இது தவறு" என்று சொல்வதில்லை. கிரெக் எழுதியதைப் படித்து, அவன் எழுதாததை வாசகரே கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை சிரிக்கிறது என்றால், கிரெக்குக்குப் புரியாதது அதற்குப் புரிந்துவிட்டது என்று பொருள். சொல்பவனை அப்படியே நம்பாமல் படிக்கும் இந்தத் திறனைப் பத்திவினாக்கள் கொண்டு வளர்ப்பது கடினம். "மரியாதை தெரியாத பையன் கதை" என்று இந்நூல்களை ஒதுக்கும் பெற்றோர் இதைக் கவனிப்பதில்லை. கிரெக்கைப் போல் நடக்கவேண்டும் என்று படித்து முடிப்பவர் அரிது. அவனைப் பார்த்துச் சிரிப்பவரே மிகுதி.

வகுப்பில் இதைப் பயன்படுத்த எளிய வழி உண்டு. அதே புழு நிகழ்ச்சியை ரௌலியின் நாட்குறிப்பாகத் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். கட்டுரை என்றால் பேனாவை எடுக்காத பிள்ளையும் எழுதும். ரௌலிக்காகக் கோபப்பட்டும் எழுதும்.