கோதுமை தனிய, சேகல் காத்தோட



டிஎன்ஏ வாசிக்கிற மெஷின்களைப் பற்றி போன எபிசோடில் கதைச்சம். "அதை வச்சு என்ன கண்டுபிடிச்சவை?" எண்டு கேட்டிருந்தீங்கள். ஒரு பதில் எங்கட வீட்டுப் பாணுக்குள்ளயே இருக்கு.

நான் இருக்கிறது வில்லியே லே பெல். ஊர் முடியிற இடத்தில வயல்வெளி. வீட்டில அப்பாவுக்கு பகெத். அம்மாவுக்குச் சீனி வருத்தம், அதால சேகல் பாண். கோதுமை, சேகல் (ரை) ரெண்டும் புல்லினம், கிட்டத்துச் சொந்தம். ஆனால் இனம் பெருக்குற முறை வேற. கோதுமைப் பூ பெரும்பாலும் தன்ர மகரந்தத்தையே எடுத்துக்கொள்ளும். நெல்லும் அப்படித்தான். அதனாலதான் ஊரில அம்மப்பா எடுத்து வச்ச விதைநெல் அடுத்த போகமும் அதே நெல்லாக முளைச்சது. சேகல் தன்ர மகரந்தத்தை அடையாளம் கண்டு மறிச்சுப்போடும். அதுக்குக் காத்தில வாற வேற செடியின்ர மகரந்தம் வேணும்.

ஒவ்வொரு மரபணுவுக்கும் ரெண்டு பிரதி இருக்கு. தன்மகரந்தச் சேர்க்கையில சில தலைமுறைக்குள்ளயே ரெண்டும் ஒண்டாகிவிடும். பிறகு சீட்டைக் கலைச்சாலும் அதே சீட்டுத்தான் வரும். நல்ல மாற்றத்தையும் கெட்டதையும் பிரிச்செடுக்கிறது இயற்கைத் தேர்வுக்குக் கஷ்டம். அப்ப கோதுமைப் பக்கம்தான் கெட்ட மாற்றங்கள் குவிய வேணும். கொள்கை சொல்றது இதுதான்.

அனபெல் ஓட்றி, சில்வான் கிளெமன் உட்பட்ட ஒரு பிரெஞ்சுக் குழு நாலு புல்லை வச்சு இதைச் சோதிச்சு 2008 இல் வெளியிட்டது. கலப்புப் பக்கம் சேகலும் ஏஜிலோப்ஸ் ஸ்பெல்டாய்டிஸும். தனிப் பக்கம் ட்ரிட்டிகம் மோனோகாக்கமும் ட்ரிட்டிகம் யுரார்ட்டுவும். கடைசியாச் சொன்னது எங்கட பாண் கோதுமைக்கு ஒரு பூட்டன்.

எதிர்பார்த்த வித்தியாசம் மெல்லிசாத்தான் தெரிஞ்சது. பளிச்செண்டு தெரிஞ்சது வேறொண்டு: கலப்புப் புற்களின்ர டிஎன்ஏயில ஜி, சி எழுத்துகள் கூட.

ஏன்? மகரந்தமும் சூல்முட்டையும் உருவாகேக்க ரெண்டு பிரதியும் துண்டு மாத்திக்கொள்ளும். அந்த இடத்தில எழுத்து பொருந்தாட்டி ஒரு திருத்தும் பொறிமுறை வந்து சரிசெய்யும். அது ஃபோனில இருக்கிற ஓட்டோகரெக்ட் மாதிரி, தனக்குப் பழகின ஜி, சி பக்கமே சாயும். நீங்கள் "அம்மப்பா" எண்டு அடிக்க அது வேற என்னவோ போடுமே, அந்தக் குணம்தான். சொல் சரியோ பிழையோ அதுக்குக் கவலையில்லை. கோதுமையில ரெண்டு பிரதியும் ஒண்டு, திருத்த ஒண்டுமில்லை. சேகலில அது ஓயாமல் வேலை செய்யும், கெடுதலான மாற்றத்தையும் சில வேளை நிலைக்க வைக்கும். கலப்புப் புல்லுக்கும் இப்படி ஒரு சுமை இருக்கலாம் எண்டுதான் அவை எழுதினவை.

(இதை வீட்டில சொன்னால் உடனே கலியாணப் பேச்சுக்கு இழுப்பினம். புல்லை வச்சு மனுசரை அளக்காதேங்கோ.)

அதுக்காகக் கோதுமை தப்பிச்சிட்டுது எண்டில்லை. ஓட்றியும் மற்றவையும் 2007 இல் கணக்குப் பார்த்தவை: மனுசர் பயிராக்கத் தொடங்கினதில இருந்து பாண் கோதுமை இழந்த மரபணு வேறுபாடு 69 வீதம், பாஸ்தா செய்யிற கடின கோதுமை 84 வீதம். சேகலுக்குப் புதுச் சீட்டைக் காத்துக் கொண்டுவரும். கோதுமைக்கு அப்படி வாறது குறைவு. புது நோய் வந்தால், யாராவது போய்க் காட்டுச் சொந்தக்காரரைத் தேடி, கையால மகரந்தம் போட்டு எடுக்க வேணும்.