ரயர்: ஒட்டுவதா, மாற்றுவதா?

மோட்டார் வண்டியின் சில்லில் ஆணியோ முள்ளோ தைத்துக் காற்று இறங்கிவிட்டால், அந்த ரயரை ஒட்டுவித்து மேலும் பயன்படுத்தலாமா, அன்றிக் கழித்துவிட்டுப் புதிது வாங்க வேண்டுமா என்னும் வினா எழுகின்றது. நம்மவருட் பலர் இதற்கு இரண்டே அளவுகோல்களைக் கொள்வர். ஒன்று துளையின் பருமன். மற்றையது பணப்பையின் பருமன். இவ்விரண்டும் போதா. துளை எவ்விடத்தில் உள்ளது, காற்று இறங்கிய பின் வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பனவே முதற்கண் நோக்கற்பாலன.

தமிழாசிரியன் ஒருவனுக்கு ரயரில் என்ன வேலை என்று இம்மலரைப் படிக்கும் அன்பர் நகைத்தல் கூடும். உப்பு வணிகராகிய உமணர் தம் வண்டியின் அடியிலே சேம அச்சுக் கட்டிச் சென்றனர். அவ்வச்சினையே அதியமான் மகன் பொகுட்டெழினிக்கு உவமையாக்கினார் ஔவையார். புறநானூற்று 102 ஆம் பாட்டிலே காண்க. வழியில் வண்டி பழுதுறுதல் தமிழுக்குப் புறம்பான பொருளன்று.

நிற்க. ரயரில் நிலத்தைத் தொடும் தடித்த பகுதி ஒன்று. அதன் இரு ஓரங்களாகிய தோள் ஒன்று. தோளுக்கும் இரும்பு வளையத்துக்கும் இடைப்பட்ட பக்கச்சுவர் ஒன்று. நிலந்தொடும் பகுதியின் உள்ளே உருக்குக் கம்பியாலான பட்டைகள் உள. அங்கே ஏற்படும் சிறு துளை ஒட்டுக்கு இணங்கும். ரயர்த் தொழிலோர் பலர் கொள்ளும் வரம்பு 6 மில்லிமீற்றர். பென்சிலின் பருமனிலும் சற்றுக் குறைவு. தோளிலோ பக்கச்சுவரிலோ துளை விழின், அது ஊசித்துளையாயினும் ரயரை மாற்றுவதே முறை.

இதற்குக் காரணம் உண்டு. பக்கச்சுவர், சில்லு சுழலும் ஒவ்வொரு முறையும் வளைந்து நிமிர்கின்றது. சிறிய கார் ஒன்றின் சில்லு ஒரு கிலோமீற்றருக்கு 500 தடவைக்கு மேற் சுழலும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏறக்குறைய 75 கிலோமீற்றர். அவ்வொரு பயணத்திலேயே பக்கச்சுவர் 40,000 தடவையளவில் வளைந்து நிமிரும். இவ்வளவு மடிப்பைத் தாங்கி எந்த ஒட்டும் நிலைக்க மாட்டாது. இக்கால ரயர்களின் பக்கச்சுவரிற் பாரத்தைத் தாங்கும் இழைகள் அறுபட்டால், ஒட்டிய இறப்பர் காற்றை மறிக்குமேயன்றி இழையின் வேலையைச் செய்யாது.

இரண்டாவது செய்தி பலராலும் மறக்கப்படுவது. காற்றிறங்கிய ரயரில் வண்டியை ஓட்டினால், பக்கச்சுவர் இரும்பு வளையத்துக்கும் வீதிக்கும் இடையே நசுங்கி உள்ளே அரைபடும். வெளியே பார்ப்போருக்கு ஆணித்துளை மட்டுமே தெரியும். ரயரைக் கழற்றினாலோ உள்ளே கறுப்புத் தூள் உதிர்ந்து கிடக்கும். உட்புறத்தில் வட்டமாகத் தேய்ந்த வரி தோன்றும். அவ்வாறாயின் துளை எவ்வளவு சிறிதாயினும் ஒட்டுதல் ஆகாது. காற்று இறங்கியதை உணர்ந்தவுடன் வண்டியை நிறுத்துவதே பணத்தை மிச்சப்படுத்தும் வழி. ஆயினும் புளியங்குளம் – நெடுங்கேணி வீதியில், யானை நடமாடும் இரவுப் பொழுதிலே, ரயரைக் காப்பதற்காக இறங்கி நிற்கும்படி யான் எவருக்கும் கூறேன். மெல்ல ஊர்ந்து மனிதர் உள்ள இடத்தை அடைக. ரயர் போனாற் போகட்டும்.

ஆகவே கழற்றிப் பாராமல் முடிவு செய்தல் இயலாது. ரியூப் இல்லாத ரயருக்குச் சில்லைக் கழற்றாமலே வெளியிலிருந்து திரி போன்ற பசைப்பொருளைச் செருகிச் சில நிமிடங்களில் அனுப்பிவிடும் வழக்கம் இன்று பரவியுள்ளது. வீடு சேர்வதற்கு அது போதும். நிலையான ஒட்டோ உள்ளிருந்து இடப்படுவது: துளையின் வழியை இறப்பர்த் தண்டால் அடைத்து, உட்புறத்தைச் சுரண்டித் துப்புரவாக்கி, அதன்மேல் ஒட்டுத்தாளைப் படியச் செய்வர். இரண்டும் ஒன்றாய் அமைந்த காளான் வடிவ ஒட்டும் உண்டு. கூலி சற்றுக் கூடும், கொடுக்கலாம்.

வன்னியில் வாழ்ந்தோர்க்கு எதையும் எறிதல் எளிதன்று. 1990களில் எரிபொருள் தடையினால் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிறிட்ஜும் மண்ணெண்ணெயில் ஓடின. கிழிந்த ரயரின் உள்ளே பழைய ரயர்த் துண்டை வைத்து, ரியூப்பை ஒட்டிமேல் ஒட்டாக ஒட்டி, அவற்றை ஓட்டினர். அது கைத்திறன், அதனை யான் இகழேன். ஆனால் அவ்வண்டிகள் குண்டும் குழியுமான வீதியில் மெல்ல ஊர்ந்தவை. அவற்றின் ரயரில் ரியூப் இருந்தது. 2009 இற்குப் பின்னர் ஏ-9 வீதி காப்பற் இடப்பட்டது, வேகம் பெருகிற்று, ரயரும் வேறாயிற்று. பக்கச்சுவர் வெடித்த ரயருக்குள் ரியூப்பை நுழைத்து ஓட்டும் பழக்கம் மட்டும் மாறவில்லை. ரியூப் உள்ளே உராய்ந்து சூடேறும்; வெடிப்பின் வழியே பிதுங்கும்; பின்னர் ஒரு கணத்தில் வெடிக்கும். முன்சில்லில் இது நேர்ந்தால், வண்டியில் இருப்போரும் எதிரே சைக்கிளில் வரும் மாணவரும் அதன் விலையைக் கொடுக்க நேரும்.

2022 இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்த பின் ரயரின் விலை குடும்பத் தலைவனை மலைக்கச் செய்வது மெய்யே. அதனாலேயே எதனை ஒட்டலாம் என்பதையும் வற்புறுத்துகின்றேன். நடுப்பகுதியில் ஆணி ஏறிய நல்ல ரயரை, விற்போன் சொல்லுக்கு அஞ்சி எறிதல் வீண் செலவு. தவாளிப்பின் ஆழம் 1.6 மில்லிமீற்றருக்குக் குறைந்துவிட்ட ரயருக்கு ஒட்டுக்கூலி கொடுப்பதும் வீண் செலவே.

மாற்றுவதென்று துணிந்தால், ஒரே அச்சிலுள்ள இரு ரயர்களும் அளவிலும் வகையிலும் ஒத்திருத்தல் வேண்டும். பாவித்த ரயர் வாங்குவோர் பக்கச்சுவரிலுள்ள நான்கு இலக்கங்களைப் படித்தல் நன்று. 3518 என்றிருப்பின் 2018 ஆம் ஆண்டின் 35 ஆவது வாரத்திற் செய்யப்பட்டது என்க. 10 ஆண்டு கடந்ததாயின், மேனி எவ்வளவு மினுங்கினும் அதனை வாங்கற்க. உதிரிச் சில்லின் இலக்கத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். வண்டியின் பின்புறத்தில் ஆண்டுக்கணக்காகக் காற்றின்றிக் கிடப்பது பெரும்பாலும் அதுவே.