மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசை: ஆஸ்துமா உள்ளவர்கள் அறிய வேண்டியவை

தோ பாயோ லோரோங் 8 சந்தையில் வாங்கிய பைகளைத் தூக்கி நடக்கும்போது கைத்தசை நீங்கள் சொன்னபடி கேட்கிறது. கனம் தாங்கவில்லை என்றால் பையைக் கீழே வைத்துவிடலாம். ஆனால் நம் சொல்லைக் கேட்காத இன்னொரு தசையும் உடலுக்குள் இருக்கிறது. அதுதான் மென்தசை. குடல், சிறுநீர்ப்பை, கருப்பை, இரத்தக் குழாய், மூச்சுக்குழாய் ஆகியவற்றின் சுவர்களில் அது உள்ளது.

கைத்தசையை நுண்ணோக்கியில் பார்த்தால் குறுக்கே வரிவரியாகத் தெரியும். மென்தசையில் வரிகள் இல்லை. அதனால் வரியற்ற தசை என்றும் சொல்வார்கள். அதன் செல்கள் நடுவில் பருத்து, இரு முனையிலும் கூர்மையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரே உட்கரு. செல்லுக்குள் கால்சியம் கூடும்போது ஆக்டின், மயோசின் என்னும் புரத இழைகள் ஒன்றையொன்று இழுக்க, செல் சுருங்குகிறது. கைத்தசையைவிட மெதுவாகத்தான் சுருங்கும். ஆனால் குறைந்த சக்தியில் நெடுநேரம் இறுகியே இருக்க அதனால் முடியும். இரத்தக் குழாய்க்கு இது வேண்டிய குணம். மூச்சுக்குழாய்க்கோ வினையாகிவிடலாம்.

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்கியிருக்கும். புகைமூட்டம், சிகரெட் புகை, சாம்பிராணி, வீட்டுத் தூசி, சளிக்காய்ச்சல் போன்றவற்றில் ஏதாவது ஒன்று சீண்டினாலும் சுற்றியுள்ள தசை இறுகலாம். குழாயின் அகலம் பாதியானால் காற்றுக்கான தடை இரு மடங்கு ஆவதில்லை. கணக்குப்படி 16 மடங்காகிறது. சிறிது சுருங்கினாலே மூச்சு திணறுவது இதனால்தான். 2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. அப்படிப்பட்ட நாளில் சன்னலை மூடி வீட்டிற்குள் இருங்கள். காளியம்மன் கோயிலுக்கு இன்னொரு நாள் போகலாம்.

நீல நிற இன்ஹேலரில் பெரும்பாலும் இருப்பது சல்பியூட்டமால். அது தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் மூச்சு இலகுவாகும். பலன் 4 முதல் 6 மணி நேரம் நிற்கும். கை சற்று நடுங்கலாம், நெஞ்சு படபடக்கலாம். ஆனால் சுவரின் வீக்கத்தை அது தொடுவதில்லை. அதைக் குறைப்பது ஸ்டீராய்டு உள்ள தடுப்பு இன்ஹேலர். ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டதுமே பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். இன்ஹேலரில் உள்ள அளவு சிறியது, நேராக மூச்சுக்குழாய்க்கே போகிறது. பயன்படுத்தியபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிடுங்கள். மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் நீங்களாக அதை நிறுத்தாதீர்கள். சிலருக்கு இரண்டு மருந்தும் ஒரே இன்ஹேலரில் தரப்படும்.

நீல இன்ஹேலர் வாரத்தில் இரண்டு முறைக்குமேல் தேவைப்பட்டால், அல்லது இருமலால் இரவில் விழித்தால், தோ பாயோ பலதுறை மருந்தகத்திலோ உங்கள் குடும்ப மருத்துவரிடமோ காட்டுங்கள். இன்ஹேலரைக் கையோடு கொண்டுசெல்லுங்கள். அதைச் சரியாக உறிஞ்சுகிறீர்களா என்று பார்த்துச் சொல்வார்கள்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, இன்ஹேலர் பலன் தராவிட்டாலோ காத்திருக்க வேண்டாம். உடனே 995ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை நிமிர்ந்து உட்கார்ந்து, மருத்துவர் எழுதித் தந்த திட்டப்படி இன்ஹேலரைப் பயன்படுத்துங்கள்.