லைப்ரரி எங்கே போச்சு?

லைப்ரரி என்றதும் நம் கல்லூரி நூலகத்தைப் பற்றிய கட்டுரை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது புரோகிராமுக்குள் வரும் லைப்ரரி. அடிக்கடி தேவைப்படும் ஃபங்ஷன்களை யாரோ எழுதிக் கட்டி வைத்திருக்கும் மூட்டை.

இந்த மூட்டை கிடைக்காமல் எம்பெடட் புராஜெக்டையே கைவிட்டு, ரெடிமேட் புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கியவர்களை எங்கள் பேட்சிலேயே பார்த்திருக்கிறேன். வைவாவில் ஒரு கேள்வி கேட்டால் திருதிருவென்று முழிக்க வேண்டியதுதான்! கம்ப்யூட்டர் காட்டும் எரர் நம்மைத் திட்டுவதற்காக அல்ல. எங்கே, எது குறைகிறது என்று சொல்லும் விலாசம் அது.

ஓர் உதாரணம். கல்யாணம் கல்வராயன் மலையில், வெள்ளிமலையில். சமையல் கள்ளக்குறிச்சியில். சாப்பாட்டை வேனில் ஏற்றி, கச்சிராயபாளையம் வழியாக மலைக்குக் கொண்டு போகிறோம். எம்பெடட் வேலையும் இதேதான். சமைக்கிற இடம் நம் கம்ப்யூட்டர். அதை ஹோஸ்ட் என்பார்கள். சாப்பிடுகிற இடம் போர்டு, அது டார்கெட். ஆகவே ஏதாவது குறைந்தால் முதல் கேள்வி: எந்த ஊரில் குறைகிறது?

நிஜமான ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். சென்னை ஐ.ஐ.டி.யில் 2014-இல் தொடங்கியது 'சக்தி' பிராசசர் திட்டம். 2018-இல் சண்டிகர் செமிகண்டக்டர் ஆய்வகத்தில் அதன் சிப் ஒன்று தயாரானது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010-இல் பிறந்த ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுதிதான் இதற்கு அடிப்படை. லைசென்ஸ் கட்டணம் இல்லாமல் யாரும் பயன்படுத்தலாம். இதற்கு சி மொழியில் எழுத, ரிஸ்க்-ஃபைவுக்கான ஜிசிசி கம்பைலர் வேண்டும். அதை சோர்ஸிலிருந்து கட்டுவதில் தொடங்கி, நம் புரோகிராம் போர்டில் ஓடுவது வரை நாலு இடத்தில் தடுக்கும்.

1. அண்டா இல்லை: கம்பைலரைக் கட்டும்போது ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். பெரிய முழு எண், தசம எண், கலப்பெண் கணக்குகளுக்காகக் கம்பைலருக்கே தேவைப்படும் லைப்ரரிகள் இவை. மலைக்குப் போகிறவை அல்ல. உபுண்டுவில் ஆப்ட் மூலம் நம் கம்ப்யூட்டரில் போட்டால் போதும். "ஜிஎம்பிதான் ஏற்கெனவே இருக்கே, அப்புறம் ஏன் இல்லைங்குது?" என்று கேட்பீர்கள். இருப்பது புரோகிராம் ஓடுவதற்கான பேக்கேஜ். ஹெடர் ஃபைல், பெயரின் கடைசியில் 'டெவ்' என்று வரும் பேக்கேஜில்தான் இருக்கும். மூன்றையும் சோர்ஸிலிருந்து கட்டுவதானால் மேலே சொன்ன வரிசையிலேயே கட்ட வேண்டும். ஒன்று மற்றொன்றை நம்பி நிற்கிறது.

2. லிஸ்ட் இல்லை: கம்பைல் செய்யும்போது ஒரு ஹெடர் பெயரைச் சொல்லி 'நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி' என்று வரும். ஹெடர் என்பது சாமான் லிஸ்ட் மாதிரி. அது இருக்கும் டைரக்டரியை மைனஸ் போட்டுப் பெரிய ஐ எழுத்துடன் கம்பைலருக்குக் காட்ட வேண்டும்.

3. சாமான் இல்லை: 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று வந்தால் லிஸ்ட் இருக்கிறது, சாமான் வரவில்லை என்று அர்த்தம். சொல்வது லிங்கர். வர்க்கமூலம் போடும் ஃபங்ஷனுக்குக் கணித லைப்ரரியைக் கட்டளையின் கடைசியில் சேர்க்க வேண்டும். முன்னால் போட்டால் லிங்கர் பல சமயம் எடுத்துக்கொள்ளாது. ஆபரேட்டிங் சிஸ்டம் இல்லாத போர்டில் 'ரைட்', 'எஸ்பிரேக்' ஆகியவற்றைக் கேட்டால் கடையில் தேடாதீர்கள். பிரின்ட்எஃப் எழுத்தை யூஆர்ட்டுக்கு அனுப்பும் அந்தச் சின்ன ஃபங்ஷனை நாமேதான் எழுத வேண்டும்! 'ஸ்கிப்பிங் இன்கம்பாடிபிள்' என்று வந்தால் கிடைத்த மூட்டை வேறு பிராசசருக்கானது. ரீட்எல்ஃப் கமாண்டில் மைனஸ் ஹெச் போட்டால் எந்த மெஷினுக்கு என்று சொல்லிவிடும்.

4. இலை இல்லை: சாப்பாடு மலை ஏறிவிட்டது, பந்தியில் இலை இல்லை! ராஸ்பெர்ரி பை போன்ற லினக்ஸ் போர்டில் புரோகிராமை ஓட்டும்போது 'ஷேர்டு லைப்ரரி' கிடைக்கவில்லை என்று வருவது இதுதான். ரீட்எல்ஃப் மைனஸ் டி போட்டு 'நீடட்' என்ற வரிகளைப் பாருங்கள். அந்த லைப்ரரிகள் போர்டில் இருக்க வேண்டும். நம் கம்ப்யூட்டரில் உள்ளதை அப்படியே காப்பி செய்தால் ஓடாது. போர்டின் பிராசசருக்காகக் கட்டியதாக இருக்க வேண்டும்.

மலையில் டவர் சரியாகக் கிடைக்காத நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. அதே உபுண்டு வெர்ஷன் புதிதாகப் போட்ட வேறொரு மெஷினில், ஆப்ட் இன்ஸ்டாலுடன் 'டவுன்லோட்-ஒன்லி' சேர்த்துக் கொடுங்கள். பேக்கேஜ்கள் இறங்கி ஆப்ட்டின் ஆர்கைவ்ஸ் டைரக்டரியில் இருக்கும். பென் டிரைவில் எடுத்துப்போய் டிபிகேஜி மூலம் போட்டுக்கொள்ளலாம்.

என் லேப் நோட்டில் ஒவ்வொரு எரருக்கும் இரண்டு கட்டம் போட்டு வைத்திருக்கிறேன்: எந்தக் கட்டத்தில் வந்தது, எந்த மெஷினில் குறைகிறது. இரண்டையும் நிரப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது. நீங்களும் செய்து பாருங்கள். புராஜெக்ட் நம் கையால் செய்ததாக இருந்தால், வைவாவில் யார் என்ன கேட்டாலும் நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொல்லலாம்!