வடநெம்மேலியின் பானைகளும் விருந்துகளின் விஷமும்

மாமல்லபுரத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், துணி கட்டிய மண்பானைகளுக்குள் பாம்புகள் இருக்கின்றன. அந்த இடம், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் வனத்துறை அனுமதித்த எண்ணிக்கையில் மட்டும் பிடித்து, 21 நாள் வைத்திருந்து, 4 முறை விஷம் எடுத்து, காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து முறிமருந்து எடுக்கிறார்கள். பாம்பு பிடிக்கும் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அதே ஆண்டு நவம்பரில், போதை விருந்துகளுக்குப் பாம்பு விஷம் கொடுத்ததாக நொய்டாவில் வழக்குப் பதிவானது. உயிர் காக்கும் பொருளைப் போதையாக்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை. பாம்பு விஷம் மட்டுமல்ல, உடம்பைச் சுத்தப்படுத்தும் என்று விற்கப்படும் அமேசான் தவளையின் சுரப்பான காம்போவும் ஆபத்துதான்; அதை ஆஸ்திரேலியா 2021இல் தடை செய்தது.

"பழகினால் உடம்பு தாங்கிக்கொள்ளும்" என்பார்கள். இதை நம்புவதுதான் பெரிய ஆபத்து. விஷம் பல புரதங்களின் கலவை. ஒருமுறை உள்ளே போனதை நம் எதிர்ப்பாற்றல் எதிரியாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். அடுத்த முறை துளி போதும்: தோல் தடிக்கும், தொண்டை அடைக்கும், ரத்த அழுத்தம் சரியும், உயிரே போகலாம். உலர்ந்த விஷத்தூளைச் சுவாசித்த ஆய்வக ஊழியர்களுக்கே ஒவ்வாமை வந்திருக்கிறது. மரபணு விஷயத்தில் மிகைப்படுத்த வேண்டாம். தென் அமெரிக்கப் பாம்புகள் சிலவற்றின் விஷம், ஆய்வகத்தில் மனித வெள்ளணுக்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்தியது. அதை வைத்துக்கொண்டு பரம்பரையே பாதிக்கும் என்று சொல்லிவிட முடியாது.

1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் நல்ல பாம்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, அதைப் பிடிப்பதற்கும் காயப்படுத்துவதற்கும் 3 முதல் 7 ஆண்டு சிறையும் குறைந்தது 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. மருந்துக்காக விஷம் எடுக்கும் இருளர்களுக்கே அனுமதி வேண்டும் என்றால், விருந்து நடத்துகிறவருக்கு என்ன உரிமை?

விஷம் உள்ளே போன யாருக்காவது மூச்சு முட்டினால், கண் இமை சரிந்தால் 108ஐ அழையுங்கள். விஷம் ஏறிய இடத்தைக் கீறாதீர்கள், இறுகக் கட்டாதீர்கள். அரசு மருத்துவமனையில் முறிமருந்து இலவசம். ஆனால் அதுவும் குதிரைப் புரதம், ஒவ்வாமை தரலாம் என்பதால் மருத்துவர் கண்காணிப்பில்தான் ஏற்ற வேண்டும். 2024இல் தமிழக அரசு பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. தனியார் மருத்துவமனையும் தகவல் தர வேண்டும். போதைப் பழக்கத்திலிருந்து மீள 14446 என்ற இலவச எண் இருக்கிறது.

போதைக்காகத்தான் விஷம் ஏற்றிக்கொண்டார் என்பதை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.