ஒரு வீட்டுக்கு எத்தனை பூனை?

பூனை தனியாக வேட்டையாடும் விலங்கு. நாயின் மூதாதையான ஓநாய் கூட்டமாகச் சேர்ந்து ஒரு மானை வீழ்த்தும். வீழ்த்தியதைக் கூடியே தின்னும். வீட்டுப் பூனையின் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அது பிடிப்பது எலி. ஓர் எலியில் சுமார் 30 கலோரிதான் இருக்கும். 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்கு 200 முதல் 250 கலோரி வேண்டும். ஏழெட்டு எலிகளை ஒவ்வொன்றாகப் பிடித்தால்தான் வயிறு நிறையும். பங்கு போட அதில் ஒன்றும் மிஞ்சாது. ஒரு வீட்டில் எத்தனை பூனை வளர்க்கலாம் என்ற கேள்விக்கான விடை இந்த எலிக் கணக்கில்தான் தொடங்குகிறது.

பூனை மனிதரோடு வாழத் தொடங்கி வெகுகாலம் ஆகிவிட்டது. சைப்ரஸ் தீவில் சுமார் 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதப் புதைகுழி ஒன்றின் பக்கத்திலேயே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தானியக் குதிர்களைத் தேடி எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. மனிதரோடு பழகிய அளவுக்குப் பிற பூனைகளோடு பழக வேண்டிய தேவை அதற்கு ஏற்படவில்லை.

ஆனாலும் உணவு குவிகிற இடத்தில் பூனைகள் கூடும். காசிமேடு போன்ற மீன்பிடித் துறைமுகத்திலும் கல்யாண மண்டபத்தின் பின்கட்டிலும் பத்துப் பதினைந்து பூனைகள் சேர்ந்து திரிவதைக் காணலாம். அந்தக் கூட்டத்தைக் கவனித்துப் பார்த்தால் அதன் நடுவே இருப்பவை பெரும்பாலும் தாய், மகள், சகோதரி என்று உறவுள்ள பெட்டைகள். ஒன்றின் குட்டிக்கு இன்னொன்று பால் கொடுக்கும். வெளியூர்ப் பூனை வந்தால் சீறி விரட்டும். பூனைக்குத் துணை வேண்டாம் என்பதில்லை; துணை யாரென்று அது தானே முடிவு செய்ய வேண்டும். வீட்டில் அந்த முடிவை அதற்குப் பதிலாக மனிதர் எடுத்துவிடுகிறார்கள்.

முதல் பூனைக்குத் துணையாக இருக்கட்டும் என்றுதான் பெரும்பாலான வீடுகளில் இரண்டாவது பூனை வருகிறது. குட்டிப் பருவத்தில் இது நல்ல எண்ணமே. ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளைச் சேர்த்து எடுத்து வருவதுபோல் எளிதான வழி வேறில்லை. ஒன்றையொன்று கடித்து விளையாடி, எவ்வளவு கடித்தால் வலிக்கும் என்று அவை கற்றுக்கொள்ளும். மனிதர் கை தப்பிக்கும். பிறந்த இரண்டாம் வாரத்திலிருந்து ஏழாம் வாரம் வரை பார்த்துப் பழகியவற்றைப் பூனை வாழ்நாள் முழுதும் ஏற்றுக்கொள்வதால், அந்த நாட்களில் பிற பூனைகளோடு வளர்ந்த குட்டி பின்னாளிலும் துணையைத் தாங்கும். பத்து ஆண்டுகளாகத் தனியாக வாழ்ந்த கிழப்பூனையின் கதை வேறு. அதன் முன்னால் மூன்று மாதக் குட்டியை விடுவது பெரும்பாலும் அதற்குச் செய்யும் கொடுமை. குட்டி வாலைப் பிடித்து இழுக்கும், சாப்பாட்டுத் தட்டில் பாயும்; மூட்டுவலியோடு இருக்கும் முதிய பூனை பரணில் ஏறிப் பதுங்கிவிடும். தனியாக இருக்கும் பூனை ஏங்கிப்போகிறது என்று நினைப்பது மனித மனத்தின் அளவுகோல். வேளைக்குச் சாப்பாடும், வெளியே பார்க்க ஒரு ஜன்னலும், தினமும் கொஞ்சம் விளையாட்டும் கிடைத்தால் ஒற்றைப் பூனை நிறைவாக வாழும்.

எண்ணிக்கை கூடிவிட்டதா என்று அறிய வீட்டில் சண்டை நடக்கிறதா என்று பார்ப்பது போதாது. பூனைகளின் பகை பெரும்பாலும் சத்தமில்லாதது. மாலை ஆறு மணிக்கு ஒரு பூனை கூடத்திலிருந்து குளியலறைப் பக்கம் போகும் நடையில் குறுக்கே படுத்துக்கொள்கிறது. பார்க்கிறவருக்கு அது சுகமாகக் காலை நீட்டிப் படுத்திருப்பதாகத்தான் தெரியும். பூனைகள் கழிக்கும் மணல் தட்டு அந்த நடையின் கோடியில் இருக்கிறது. இரண்டாவது பூனை அறை வாசல் வரை வருகிறது, படுத்திருக்கும் பூனையின் கண்ணைப் பார்க்கிறது, காதைத் தாழ்த்திக்கொண்டு திரும்பிப் போகிறது. சீறலும் இல்லை, அடியும் இல்லை. மறுநாள் காலையில் படுக்கை விரிப்பில் சிறுநீர் இருக்கிறது. வீட்டார் இரண்டாவது பூனையைத் திட்டுகிறார்கள்.

எவை நண்பர்கள் என்பதையும் கண்ணால் அறியலாம். ஒன்றின் தலையை இன்னொன்று நக்கிவிடும், உடம்பு பட ஒட்டித் தூங்கும், எதிரில் வந்தால் வாலை நேராக உயர்த்தி வந்து உரசும். அருகருகே அமர்ந்து சாப்பிடுவதை நட்புக்கு அடையாளமாகக் கொள்ளக் கூடாது. வேறு இடத்தில் சோறு கிடைக்காததால் பகையைப் பொறுத்துக்கொண்டு அவை அப்படிச் சாப்பிடலாம். நான்கு பூனை உள்ள வீட்டில் இரண்டு நட்புக் குழுக்களோ, ஒரு ஜோடியும் இரண்டு தனியாட்களுமோ இருப்பது சாதாரணம். வீட்டுக்குள் கண்ணுக்குத் தெரியாத எல்லைக்கோடுகள் ஓடுகின்றன என்று பொருள்.

ஆகையால் சதுர அடியைவிட முக்கியமானது, ஒவ்வொரு பூனைக்கும் தனக்கென்று எத்தனை இடங்கள் கிடைக்கின்றன என்பது. மணல் தட்டுக்குக் கால்நடை மருத்துவர்கள் சொல்லும் பழைய கணக்கு ஒன்று உண்டு: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு, மூன்று பூனைக்கு நான்கு. நான்கையும் வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் பூனையின் கண்ணுக்கு அது ஒரே இடம்தான். ஒரு பூனை வழியை மறித்தால் நான்கும் போயிற்று. வேறு வேறு அறைகளில் வைக்க வேண்டும். இரண்டு படுக்கையறை கொண்ட அடுக்குமாடி வீட்டில் நான்கு தட்டை எங்கெங்கே வைப்பது என்று ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்தாலே மூன்றாவது பூனை பற்றிய முடிவு பாதி கிடைத்துவிடும். சாப்பாட்டுத் தட்டும் தண்ணீர்க் கிண்ணமும் இப்படியே பிரிந்திருக்க வேண்டும். உயரமான இடங்களும் வேண்டும். பீரோவின் மேல்தளமும் புத்தக அலமாரியின் மேல்தட்டும் ஜன்னல் திண்டும் பூனைக்குத் தனி அறைகள் போன்றவை. ஒரே அறையில் மூன்று உயரங்களில் மூன்று பூனைகள் ஒன்றையொன்று சட்டை செய்யாமல் நாளைக் கழிக்கும்.

இட நெருக்கடி பூனையின் உடம்பிலும் தெரியும். மன அழுத்தத்தால் சிறுநீர்ப்பையில் அழற்சி உண்டாவது பல பூனைகள் வாழும் வீடுகளில் அதிகம். கடுவன் பூனைக்கு இதோடு சிறுநீர்க் குழாயும் அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். தட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து முக்கிவிட்டு ஒன்றும் வராமல் எழுந்து போகும் கடுவனை அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

எண்ணிக்கைக்கு எல்லை போடும் வலுவான காரணம் இங்கேதான் இருக்கிறது. பூனை நோயை மறைக்கும். பெரும்பாலும் முதலில் கண்ணில் படும் அடையாளங்கள் இரண்டு: சாப்பாட்டில் மாற்றம், மணல் தட்டில் மாற்றம். உடல் பருத்த பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாமல் இருந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு பூனை உள்ள வீட்டில் நிறைந்த தட்டு அன்றே கண்ணில் படும். ஆறு பூனை ஒரே பாத்திரத்தில் சாப்பிடும் வீட்டில் பாத்திரம் எப்போதும் காலியாகத்தான் இருக்கும்; எது சாப்பிடவில்லை என்று யாருக்கும் தெரியாது. மணலில் ரத்தம் கண்டால் அது யாருடையது? இன்று ஒவ்வொரு பூனையும் என்ன சாப்பிட்டது, எப்படிக் கழித்தது என்று இரவில் வீட்டார் ஒருவராவது சொல்ல முடிகிற எண்ணிக்கை எதுவோ, அதுதான் அந்த வீட்டின் எல்லை. பலருக்கு அது இரண்டு. வீட்டிலேயே இருந்து பொறுமையாகக் கவனிப்பவருக்கு மூன்று, நான்கு.

செலவுக் கணக்கையும் முதலிலேயே போட்டுவிடுவது நல்லது. பூனை இறைச்சி தின்றே வாழ வேண்டிய விலங்கு. பால்சோறும் தயிர்சோறும் அதற்குப் போதாது. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். டாரின் என்ற சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் போதிய அளவு உண்டு. அது குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளர்கிறது என்பது 1987இல் நிறுவப்பட்டது. கடைத் தீவனமானால் பூனை ஒன்றுக்கு நாளைக்குச் சுமார் 60 கிராம் ஆகும். மூன்று பூனைக்கு மாதம் ஐந்தரைக் கிலோ. வீட்டுக்குள் வளரும் பூனை 15 ஆண்டு வாழ்வது அரிதல்ல. அதற்குள் ஒரே பூனை 300 கிலோவுக்கு மேல் தின்றிருக்கும். இதற்கு மேல் மணல், ஆண்டுதோறும் தடுப்பூசி, முதுமையில் வரும் சிறுநீரக நோய். இரண்டு பூனைக்கு ஒரே மாதத்தில் மருத்துவம் தேவைப்பட்டால் சமாளிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்வது கஞ்சத்தனம் ஆகாது.

தொற்றும் எண்ணிக்கையைப் பொறுத்தது. பூனைக் கொரோனா வைரஸ் மலத்தின் வழியாக, பொது மணல் தட்டில் பரவுகிறது. மனிதருக்கு வந்த கொரோனா வேறு, இது வேறு. ஐந்தாறு பூனைகள் நெருங்கி வாழும் வீட்டில் அது ஒன்று மாற்றி ஒன்றாகச் சுற்றி நிலைத்துவிடும். தொற்றியவற்றில் சிலவற்றுக்கு எஃப்.ஐ.பி. என்னும் கொடிய நோயாக முற்றும். கர்ப்பிணி உள்ள வீடுகளில் பயப்படுகிற டாக்ஸோபிளாஸ்மா கிருமி, மலத்தோடு வெளியேறி ஒரு நாளுக்குப் பிறகே தொற்றும் தன்மை பெறுகிறது. கர்ப்பிணிக்குப் பதிலாக வேறொருவர் தினமும் மணல் தட்டைச் சுத்தம் செய்தால் ஆபத்து மிகவும் குறையும். பூனையைத் தெருவில் விட வேண்டியதில்லை. தட்டுகள் ஐந்து ஆறு ஆகும்போது அந்தத் தினசரிச் சுத்தம்தான் முதலில் தவறும்.

இத்தனை யோசனையையும் ஒரே பெட்டை கலைத்துவிடும். பூனையின் கர்ப்பகாலம் 63 முதல் 65 நாள். நான்கைந்து மாதத்திலேயே பருவத்துக்கு வரும். குட்டிக்குப் பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் பூனைகள் சினைக்கு வராது. ஆண்டு முழுதும் வெளிச்சம் நிறைந்த தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் அந்த ஓய்வு இல்லை. தை மாதம் இரண்டு மாதக் குட்டியாக வீட்டுக்கு வந்த பெட்டை ஆடிக்குள் தாயாகிவிடலாம். அடுத்த தைக்குள் அந்த வீட்டில் ஏழெட்டுப் பூனை. உடன்பிறந்த கடுவன் என்றெல்லாம் அது பார்க்காது. 2025 பிப்ரவரியில் புனே நகரின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில், ஒரே வீட்டில் 300க்கும் மேற்பட்ட பூனைகள் இருந்தது செய்தியானது. நாற்றம் தாங்காமல் அண்டை வீட்டார் புகார் செய்ய, அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். அந்த அளவுக்குப் போகும் வீடுகளில் பலவும் இரக்கத்தில்தான் தொடங்கியிருக்கும். நான்கைந்து மாதத்தில் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துவிட்டால் எண்ணிக்கை வீட்டாரின் கையில் நிற்கும்.

சட்டம் இந்தக் கேள்வியில் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் 1989 முதல் பூனை வளர்க்கத் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் தடை நீங்கியது. வீவக வீட்டில் இரண்டு, தனியார் வீட்டில் மூன்று என்று வரம்பு வைத்து, உரிமமும் மைக்ரோசிப்பும் கட்டாயமாக்கினார்கள். ஏற்கெனவே கூடுதலாக வைத்திருந்தவர்கள் பதிவு செய்துகொள்ள இரண்டாண்டு அவகாசம் தரப்பட்டது; அதற்குள் பதிவு செய்தால் அவற்றைத் தொடர்ந்து வளர்க்கலாம் என்றார்கள். இந்தியா முழுமைக்கும் அப்படி ஓர் எண் கிடையாது. ஆனால் வளர்க்கும் விலங்குக்குப் போதிய உணவும் நீரும் இருப்பிடமும் தராதது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். உள்ளாட்சி அமைப்புகளின் விதிகளை அந்தந்த ஊரில் கேட்டறிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு பூனை என்று முடிவானபின் அதை நேரே கூடத்தில் இறக்கிவிடக் கூடாது. மருத்துவரிடம் காட்டித் தடுப்பூசி போட்டு, இரண்டு வாரமாவது தனி அறையில் வைக்க வேண்டும். அது படுத்த துணியைப் பழைய பூனையிடமும், பழையது படுத்ததைப் புதியதிடமும் போட்டு வாசனையைப் பழக்க வேண்டும். பிறகு மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு. பிறகு ஒரு விரற்கடை திறந்த கதவு. பிறகு சில நிமிடச் சந்திப்பு. சில ஜோடிகளுக்கு ஒரு வாரம் போதும், சிலவற்றுக்குப் பல மாதம் ஆகும். கடைசிவரை ஒத்துப்போகாவிட்டால் ஒன்றுக்கு நல்ல வேறு வீடு தேடித் தருவது பூனைக்குச் செய்யும் நன்மையே.

கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் சிறிய வீட்டுக்கு, கருத்தடை செய்த உடன்பிறந்த பூனைகள் இரண்டு போதும். மாடிப்படியின் அடியில் மூன்றாவதாக ஒரு குட்டி கத்தினால் அதை வீட்டுக்குள் சேர்த்தால்தான் உதவி என்பதில்லை. அதற்கு வேளைக்கு உணவும் தண்ணீரும் வைக்கலாம், ஏற்ற வீடு தேடலாம், வளர்ந்ததும் பிடித்துக் கருத்தடை செய்து பழகிய தெருவிலேயே விடலாம். சென்னைக்காரர்களுக்கு 1903 முதல் இயங்கிவரும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. பிற ஊர்களில் பக்கத்துக் கால்நடை மருத்துவரையோ விலங்கு நல அமைப்பையோ கேளுங்கள். அந்தக் குட்டிக்கு ஐந்து மாதம் ஆவதற்குள் கேளுங்கள்.